விரிந்த கண்களைப் பார்ப்பவர் யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம். மேடையில் கிளைபிரிந்து போன பகுதிகள் குறைக்கப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளை ஒரு பள்ளி ஆங்கில ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து நிறுவியது என்று சொன்னார்கள். அவர் நினைவுக்கு இலக்கியக் கோட்பாடுகளைக் காட்டிலும் ஒரு வகுப்பறைப் பயிற்சியே பொருத்தமான காணிக்கை என்று நினைக்கிறேன். 'பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்ற வினாவை எழுதாமல் நம்மில் யாரும் பள்ளியைத் தாண்டி வரவில்லை. அந்த வினாவுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: சொல்லின் பொருள் தெரிந்தால் போதும், வாக்கியம் தானாக வந்துவிடும். சில சொற்களுக்கு இது நேர்மாறு. வாக்கியத்தில் அது எங்கே உட்காருகிறது, யார் வாயிலிருந்து யாரைக் குறித்து வருகிறது என்று தெரிந்த பிறகே பொருள் தெரியவரும். அப்படிப்பட்ட ஓர் ஆங்கிலப் பெயரடையை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்: 'வைட்-ஐட்'.

அகராதியைத் திறந்தால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, வியப்பால் கண்கள் அகல விரிந்த நிலை. இன்னொன்று, உலகம் அறியாத வெகுளித்தனம். வியப்பு வேறு, வெகுளித்தனம் வேறு. எல்லாம் அறிந்தவரும் வியக்கலாம். எதுவும் அறியாதவர் எதற்கும் வியக்காமல் போகலாம். இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடிவந்தன?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் கண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் தோற்றம் காட்டுகிறது. உண்மையில் அது அளப்பது, பார்ப்பவருக்கும் அவரைப் பற்றிச் சொல்பவருக்கும் நடுவிலுள்ள தூரத்தை. தூரம் குறைவாக இருந்தால் வியப்பு, கூடிவிட்டால் வெகுளித்தனம். அந்தத் தூரத்தைக் காட்டுவது இலக்கணம். இதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது.

1. முகம் என்ன செய்கிறது

கண்ணிலிருந்தே தொடங்குவோம். 1867இல் சார்லஸ் டார்வின் ஒரு வினாப்பட்டியலை அச்சிட்டு உலகின் பல மூலைகளிலும் இருந்தவர்களுக்கு அனுப்பினார். மனித உணர்ச்சிகள் எல்லா இனத்தாரின் முகத்திலும் ஒரேபோல் தோன்றுகின்றனவா என்று அறிவதே நோக்கம். பட்டியலின் முதல் வினாவே வியப்பைப் பற்றியது: கண்ணும் வாயும் அகலத் திறப்பதாலும் புருவம் உயர்வதாலும் வியப்பு வெளிப்படுகிறதா? கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட் முதலியோர் இந்தியாவிலிருந்து பதில் அனுப்பினார்கள். 1872இல் வந்த 'மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு' என்ற டார்வினின் நூலில் வியப்பும் அச்சமும் ஒரே இயலில் அடுத்தடுத்து வருகின்றன. காரணம் எளிது. இரண்டுக்கும் மேல் இமை உயரும். வெண்விழி கூடுதலாகத் தெரியும்.

ஆனால் வியந்தவர்கள் உண்மையிலேயே கண்ணை விரிக்கிறார்களா? ஜெர்மானிய உளவியலாளர் ரைனர் ரைசன்சைனும் அவருடைய குழுவினரும் 2006இல் எட்டுச் சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பாராத ஒன்றைச் சந்திக்க வைத்து முகத்தைப் பதிவு செய்தார்கள். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வியந்தது உறுதி. ஆனால் முகத்தில் வியப்பு தெரிந்தது 4 முதல் 25 சதவீதத்தினரிடம்தான். அதிலும் பெரும்பாலும் புருவம் மட்டுமே உயர்ந்தது. புருவம், கண், வாய் மூன்றும் சேர்ந்து விரிந்த முழு வெளிப்பாடு ஒரே ஒரு முறைதான் காணப்பட்டது. சுவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. பங்கேற்றவர்களில் மிகப் பலர் தங்கள் முகம் வியப்பைப் பலமாகக் காட்டிவிட்டதாகவே நம்பியிருந்தார்கள்.

ஆக, ஒரு நாவலாசிரியர் தம் பாத்திரத்தின் கண் விரிந்தது என்று எழுதினால், பெரும்பாலும் அவர் முகத்தைப் பார்த்து எழுதவில்லை. வியப்புக்கு முகம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு முகமூடியை எடுத்து மாட்டிவிடுகிறார்.

வெகுளித்தனத்தின் மூலம் வேறு. அது இமையின் அசைவிலிருந்து வரவில்லை. முகத்தின் அளவிலிருந்து வருகிறது. குழந்தையின் முகத்தில் கண்கள் விகிதப்படி பெரியவை. பெரிய தலை, தாழ்வாக அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னங்கள் ஆகியவை பெரியவர்களிடம் பரிவைத் தூண்டுகின்றன என்று 1943இல் கான்ராட் லாரன்ஸ் எழுதினார். ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் இந்தக் கருத்தை மிக்கி மவுஸ் மீது பொருத்திப் பார்த்தார். ஆரம்பகால மிக்கி குறும்புக்காரன், கொஞ்சம் முரடனும்கூட. ஆண்டுகள் போகப்போக அவன் நல்ல பிள்ளை ஆனான். அளந்து பார்த்தால், தலை நீளத்தில் 27 சதவீதமாக இருந்த கண் 42 சதவீதமாக வளர்ந்திருந்தது. டிஸ்னி ஓவியர்கள் அவனை நல்லவனாக்கக் கண்ணைப் பெரிதாக்கினார்கள்.

வியப்பால் விரியும் கண் ஒரு நிகழ்ச்சி. அது ஒரு கணம் நீடிக்கும், எந்த வயதினருக்கும் நேரும். பெரிய கண் ஒரு வடிவம். அது நிலைத்திருக்கும், குழந்தைக்கு உரியது. ஒரே பெயரடை இந்த இரண்டையும் தாங்கினால், கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

2. வாக்கியத்தில் உட்காரும் இடம்

இதற்கு ஆங்கில இலக்கணம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1967இல் டுவைட் பாலிஞ்சர் ஆங்கிலப் பெயரடைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெயருக்கு முன்னால் வரும் அடை அந்தப் பொருளின் இயல்பைச் சொல்ல முனைகிறது. பின்னால் வருவது அப்போதைய நிலையைச் சொல்ல முனைகிறது என்பது அவர் காட்டிய வேறுபாடு. 'விசிபிள் ஸ்டார்ஸ்' என்றால் கண்ணுக்குத் தெரியக்கூடிய வகை விண்மீன்கள். 'ஸ்டார்ஸ் விசிபிள்' என்றால் இன்றிரவு தெரிகின்ற விண்மீன்கள். மேகம் மூடினாலும் முன்னவை அந்த வகையிலிருந்து விலகாது, பின்னவை போய்விடும்.

இதை நம் சொல்லுக்குப் பொருத்துங்கள். முதன்முறையாகக் கடலைக் காணும் பெண் ஒருத்தி. 'ஷி ஸ்டுட் வைட்-ஐட்' என்று எழுதினால் அடை வினைக்குப் பின்னால் நிற்கிறது. அவள் நின்றாள், கண் விரிந்தது. அலை திரும்பிப் போனதும் கண் பழைய நிலைக்கு வரும். அவள் கடலியல் பேராசிரியராகவும் இருக்கலாம். 'எ வைட்-ஐட் கேர்ள்' என்று பெயருக்கு முன்னால் வைத்தால் கடல் தேவையில்லை. அவள் எங்கே போனாலும் அந்தக் கண்ணோடுதான் போவாள். அது அவள் குணம். அவளை எளிதில் ஏமாற்றலாம் என்ற செய்தியும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஐயம் இருந்தால் அறுபது வயது நீதிபதி ஒருவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒரு சாட்சி சொன்னதைக் கேட்டு அவர் வைட்-ஐட் ஆக உட்கார்ந்திருந்தார் என்றால் அவருக்கு ஒரு குறையும் இல்லை, சாட்சியம் அப்படி. 'எ வைட்-ஐட் ஜட்ஜ்' என்றால் அது கேலி, மேல்முறையீட்டுக்குக் காரணமாகக்கூடிய கேலி. ஒரே சொல், ஒரே கண். இடம் மாறியதும் மரியாதை போயிற்று.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 'வைட்-ஐட் ஆப்டிமிசம்', 'வைட்-ஐட் ஐடியலிசம்' என்று பண்புப்பெயருக்கு முன்னால் வைப்பது பத்திரிகைத் தலையங்கங்களில் பழகிப்போன வழக்கு. நம்பிக்கைக்குக் கண் ஏது? இங்கே வியப்பவரும் இல்லை, வியப்புக்குரிய பொருளும் இல்லை. மிஞ்சியிருப்பது தீர்ப்பு மட்டும்: இந்த நம்பிக்கை விவரம் தெரியாதவர்களுடையது. பண்புப்பெயருக்கு முன்னால் வந்து பாராட்டாக ஒலிப்பது 'வைட்-ஐட் வொண்டர்' போன்ற ஒன்றிரண்டு சேர்க்கைகள்தான். அங்கும் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியே பேச்சு இருக்கும்.

'வித்' என்ற முன்னிடைச்சொல் வந்தால் நிலைமை தலைகீழ். வியப்பால், அச்சத்தால், நடுக்கத்தால் என்று காரணம் சொல்லப்பட்டுவிட்டால் வெகுளித்தனம் உள்ளே நுழைய முடியாது. காரணம் வெளியே இருக்கும்போது ஆளின் குணத்தைக் குற்றம் சொல்ல இடமில்லை.

இதே சொற்களை வைத்து ஆங்கிலம் எதிர்ப்பொருளையும் செய்துகொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 'வித் ஐஸ் வைட் ஓபன்' ஒரு காரியத்தில் இறங்கினான் என்றால் எல்லா ஆபத்தும் தெரிந்தே இறங்கினான் என்று பொருள். அங்கே கண்ணை அவனே திறந்துகொண்டான். வைட்-ஐட் ஆனவனுக்குக் கண் தானாக விரிந்துவிட்டது, அல்லது பிறந்தபோதே விரிந்திருந்தது. ஸ்டான்லி குப்ரிக் 1999இல் எடுத்த தம் கடைசிப் படத்துக்கு 'ஐஸ் வைட் ஷட்' என்று பெயர் வைத்தபோது, விவரம் தெரிந்து திறந்த கண்ணைப் பற்றிய அந்த மரபுத்தொடரைத்தான் திருகினார்.

3. ஒட்டு

சிறு குறிப்பு. 'ஐ' என்ற கண்ணோடு, வினைச்சொற்களில் இறந்தகாலம் காட்டும் ஒட்டைப்போலவே இருக்கும் 'எட்' ஒட்டைச் சேர்த்து 'ஐட்' என்று பெயரடை ஆக்கியிருக்கிறார்கள். பெயர்ச்சொல்லில் இந்த ஒட்டைச் சேர்ப்பது சாமுவேல் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. தாமஸ் கிரேயின் கவிதையில் தேனிலிருந்து இப்படி ஆக்கிய ஓர் அடையைக் கண்டு, கற்றறிந்த கிரேயா இப்படி எழுதினார் என்று தம் 'கவிஞர் வரலாறுகள்' நூலில் வருந்தினார். புதுப்பழக்கம் என்று நினைத்துவிட்டார் போலும். ஷேக்ஸ்பியரிடமும் மில்டனிடமும் அதே தேன் அதே ஒட்டோடு இருக்கிறது.

நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: இந்த ஒட்டு உடைமையைச் சொல்கிறது, ஆனால் கடையில் வாங்கும் உடைமையை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. நீலக்கண்ணன், நீண்ட கையன் என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். பெரிய கார்க்காரன் என்பதை இந்த ஒட்டால் ஆக்கினால் யாரும் ஒப்பமாட்டார்கள். உடலோடு, ஆளோடு பிரியாமல் இருப்பதையே அது விரும்புகிறது. எனவே ஒரு கணம் விரிந்த கண்ணைக்கூட ஆளின் நிரந்தரச் சொத்தாக்கும் சாய்வு இந்தச் சொல்லின் அமைப்பிலேயே இருக்கிறது.

4. தன்மை, முன்னிலை, படர்க்கை

யார் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்வார்? நிகழ்காலத்தில் தன்மை இடத்தில் இந்தச் சொல் வருவது மிக அரிது. தன் கண் விரிந்திருப்பதை அறிந்தவர் அந்தக் கணமே அதற்கு வெளியே வந்துவிடுகிறார். முன்னிலையில் சொன்னால் சண்டை வரும், அல்லது கொஞ்சலாக முடியும். இறந்தகாலத்தில் மட்டும் தன்மை இடம் தாராளமாகத் திறந்திருக்கிறது. 'பத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்த வைட்-ஐட் பெண் நான்' என்ற பாணியில் எழுதாத ஆங்கிலத் தன்வரலாறு குறைவு. அங்கே சொல்பவரும் சொல்லப்படுபவரும் பெயரளவில்தான் ஒருவர். நடுவில் நாற்பது ஆண்டு இருக்கிறது. தூரம் கிடைத்தவுடன் சொல் வந்துவிடுகிறது.

சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1860-61) முழுவதும் இந்தத் தூரத்தின் மீது கட்டப்பட்டதுதான். சிறுவன் பிப் எதைக் கண்டாலும் மிரள்கிறான், நம்புகிறான்; வளர்ந்த பிப் அதைச் சொல்லும்போது ஒவ்வொரு வரியிலும் மெல்லிய சிரிப்பு ஒன்று ஓடுகிறது. ஹென்றி ஜேம்ஸ் இதை இன்னும் கடினமாக்கிக்கொண்டார். 'வாட் மெய்ஸி நியூ' (1897) நாவலில் மணமுறிவு பெற்ற தாய் தந்தையரிடையே பந்தாடப்படும் சிறுமி எல்லாவற்றையும் பார்க்கிறாள். பார்த்ததைச் சொல்லும் சொற்கள்தான் அவளிடம் இல்லை. ஜேம்ஸ் தம் முன்னுரையில் இந்த இடைவெளியைப் பற்றியே பேசுகிறார். மெய்ஸியின் கண்கள் விரிந்திருப்பது வெகுளித்தனத்தால் என்று அந்த நாவலின் பெரியவர்கள் நினைக்கிறார்கள். வாசகருக்குத்தான் தெரியும், அந்த வீட்டில் சரியாகப் பார்ப்பவள் அவள் ஒருத்தியே என்று. என் மதிப்பீட்டில் இந்தச் சொல்லுக்கு எதிராக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிக நல்ல வாதம் அந்த நாவல்.

மறுப்பு வாக்கியமும் உண்டு. அரசியல்வாதிகளுக்கு அது மிகவும் பிடிக்கும். பெரிய இலட்சியம் ஒன்றை முன்வைக்கும் முன் 'நான் வெகுளி அல்ல' என்று சொல்லிவிடுவது. 2009 ஏப்ரல் 5 அன்று பிராகா நகரில் அணு ஆயுதங்களற்ற உலகம் வேண்டும் என்று பேசிய பராக் ஒபாமா, தாம் 'நைவ்' அல்ல என்று அங்கேயே சொன்னார். தம் வாழ்நாளில் இது நடக்காமல் போகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.  தம்மை அப்படி அழைப்பார்கள் என்று தெரிந்து, தூரத்தைத் தாமே முன்கூட்டி அளந்து காட்டிவிட்டார்.

வெகுளித்தனத்துக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே நல்ல குடும்பத்தில் பிறந்து கெட்டுப்போனவை என்பதை இங்கே ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 'சில்லி' பழைய ஆங்கிலத்தில் ஆசி பெற்றவர் என்று பொருள்பட்டது. பிறகு கள்ளமற்றவர், பிறகு பாவப்பட்டவர், கடைசியில் அசடு. 'நைவ்' என்பதும் 'நேட்டிவ்' என்பதும் ஒரே இலத்தீன் வேர். நம் பக்கத்திலும் ஒரு விந்தை உண்டு: தொல்காப்பியத்தில் வெகுளி என்றால் சினம், இன்று வெகுளி என்றால் சினமே வராத அப்பாவி.

5. யாருக்கு இந்தக் கண் கொடுக்கப்படுகிறது

இதுவரை சொன்னது ஓர் ஆளைப் பற்றி. ஒரு மக்கள் கூட்டத்துக்கே இந்தக் கண் கொடுக்கப்படும்போது என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜான் கீட்ஸ் 1816இல், ஹோமரின் காவியத்தைச் சாப்மன் மொழிபெயர்ப்பில் படித்த வியப்பை ஒரு சானட்டாக எழுதினார். அதன் முடிவில் பசிபிக் பெருங்கடலை முதன்முதலாகக் காணும் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் வருகிறார். (1513இல் ஒரு மலையில் ஏறி அந்தக் கடலைக் கண்டவர் பல்போவா, கீட்ஸ் ஆளை மாற்றிவிட்டார் என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வார்கள்.) வியப்பின் உச்சம் அந்த இடம். ஆனால் கீட்ஸ் அவருக்குக் கொடுப்பது கழுகின் கண். வென்றவன் வியந்தாலும் அவன் கண் இரைதேடும் பறவையின் கண்ணாகவே இருக்கிறது. அதே கண்டத்தில், ஸ்பானியரின் கப்பல்களையும் குதிரைகளையும் கண்டு வியந்த மக்களை ஐரோப்பியப் பயண நூல்கள் எப்படி வருணித்தன என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கழுகுக் கண் கிடைக்கவில்லை. கண்ணாடியையும் மணியையும் கண்டு கண் விரித்தவர்களாகவே வருகிறார்கள். புதிய உலகைக் கண்ட ஐரோப்பியரின் வியப்பு எப்படி உடைமை கொள்ளும் உரிமையாக மாறியது என்பதை ஸ்டீபன் கிரீன்பிளாட் 1991இல் எழுதிய 'மார்வலஸ் பொசெஷன்ஸ்' விரிவாகப் பேசுகிறது. ஒருவர் வியந்தால் அது கண்டுபிடிப்பு. இன்னொருவர் வியந்தால் அது அறியாமை.

இருபதாம் நூற்றாண்டில் திரைப்படக் கருவி இந்த வேலையை எடுத்துக்கொண்டது. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'நனூக் ஆஃப் த நார்த்' 1922இல் வெளிவந்தது. ஆவணப்பட வரலாற்றில் தவறாமல் பேசப்படும் படம். கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் எடுத்தது. அதில் ஒரு காட்சி: வணிகர் ஒருவர் கிராமபோன் பெட்டியைப் பாடவைக்கிறார். இன்யூட் வேட்டைக்காரர் நனூக் வியந்து சிரிக்கிறார். பிறகு இசைத்தட்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். உலகம் முழுவதும் அரங்குகளில் மக்கள் அந்தக் கள்ளமற்ற மனிதரைக் கண்டு உருகினார்கள்.

நனூக் என்பது வேடப்பெயர். அவருடைய பெயர் அல்லகரியல்லக். அவருக்கு கிராமபோன் புதிதன்று. அந்தக் காட்சி நடிப்பு. ஃப்ளாஹர்ட்டியின் படக்கருவியைப் பழுது பார்ப்பது முதல் படச்சுருளைக் கழுவுவது வரை உதவியவர்கள் இன்யூட் மக்களே. அந்தக் கருவிக்குப் பின்னால் வேலை செய்யத் தெரிந்தவர்கள், கருவிக்கு முன்னால் வந்தவுடன் அதைவிட எளிய ஒரு பெட்டியைக் கண்டு மிரளவேண்டியிருந்தது. விரிந்த கண்ணை யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்பது இதனால்தான். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கண் தேவைப்பட்டது.

ஐரோப்பியர்கள் தங்கள் பாட்டன்மாருக்கும் இதையே செய்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. லூமியேர் சகோதரர்கள் லா சியோட்டா ரயில் நிலையத்தில் எடுத்த குறும்படம் 1896 ஜனவரியில் திரையிடப்பட்டபோது, ரயில் தங்கள்மேல் ஏறிவிடும் என்று அஞ்சி மக்கள் இருக்கையை விட்டு ஓடினார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். திரைப்பட ஆய்வாளர் டாம் கன்னிங் 1989இல் எழுதிய கட்டுரையில் அந்தக் கதையை எடுத்து அலசினார். அக்காலப் பார்வையாளர்கள் மாயவிளக்குக் காட்சிகளிலும் மந்திர ஜாலங்களிலும் பழகிய நகரவாசிகள். திரையில் முதலில் அசையாத படம் ஒன்று தோன்றும். பிறகு அது அசையத் தொடங்கும். அவர்கள் வியந்தது அந்த மாற்றத்தைக் கண்டு. மாயை என்று தெரிந்தே வியந்தார்கள். அதே 1896இல் நிஷ்னி நவ்கரதில் லூமியேர் படங்களைப் பார்த்த மாக்சிம் கார்க்கி, ஒலியும் வண்ணமும் இல்லாத அந்த நிழல்களைப் பற்றி இருண்ட மனநிலையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வெகுளித்தனத்தின் சாயலே இல்லை. வியப்பு நிரம்ப இருக்கிறது.

ஓடிய கூட்டம் நமக்கு ஏன் தேவைப்பட்டது? அவர்கள் ஓடினால்தான் நாம் ஓடாதவர்கள் ஆகிறோம்.

ஷேக்ஸ்பியர் இதை ஒரு சிறு உரையாடலில் முடித்துவிட்டார். ஏறத்தாழ 1611இல் எழுதிய 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் கடைசி அங்கம். தீவில் தந்தையைத் தவிர மனிதரையே அதிகம் காணாத மிராண்டா, கப்பலிலிருந்து வந்த ஆட்களைக் கண்டு மனித குலமே அழகானது, இத்தகையோர் வாழும் உலகம் மாண்புடையது என்று வியக்கிறாள். அந்த ஆட்களில் அவள் தந்தையின் அரசைப் பறித்தவர்களும் இருக்கிறார்கள். தந்தை பிராஸ்பரோ ஒரே ஒரு சிறிய தொடரில், உனக்குத்தான் அது புதியது என்கிறார். மிராண்டா பேசுவது வியப்பு. அதை வெகுளித்தனமாக மாற்றுவது பிராஸ்பரோவின் அந்தச் சிறு தொடர். பிற்கால ஆங்கிலத்தில் அந்த வேலையை ஒற்றைப் பெயரடை செய்கிறது. 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி மிராண்டாவின் சொற்களைத் தம் நாவலுக்குத் தலைப்பாக எடுத்தபோது, பிராஸ்பரோவின் தொனியில்தான் எடுத்தார்.

6. தமிழில் எழுதும்போது

இங்கே மொழிபெயர்க்கும் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக இந்தக் கடைசிக் குறிப்பு.

தமிழில் அகன்ற கண் அழகின் இலக்கணம். 'அகன்ற கண்களை உடைய சிறுவன்' என்று எழுதினால் வியப்பும் வராது, வெகுளித்தனமும் வராது; ஜோசியர் சொல்லும் சாமுத்திரிகா லட்சணம்தான் வரும். வியப்பை நாம் வாயில் வைத்திருக்கிறோம்: வாயைப் பிளந்தான், ஆவென்று பார்த்தான். பெண்கள் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள்.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, வைத்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. நான்கும் காணப்படும் பொருளின் பக்கம் இருக்கின்றன. காண்பவரின் பேதைமை அந்தப் பட்டியலில் இல்லை. அறிவு எட்டாத நிலை என்ற குறிப்பு அந்த நூற்பாவிலேயே இருக்கிறதே என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அதை நான் யாருடைய அறிவும் தடுமாறும் இடம் என்றுதான் படிக்கிறேன். பாமரனின் குறை என்று படிக்க அங்கே இடமில்லை.

இதை வைத்துத் தமிழ் மனம் வியப்பை மதித்தது, ஆங்கில மனம் இழிவுபடுத்தியது என்று முடிவுகட்டினால் தவறு. 'பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி' என்ற பழமொழி நம்முடையதுதான். வைட்-ஐட் என்பதன் இரண்டாம் பொருளை இதைவிடத் துல்லியமாக எந்த மொழியும் சொல்லிவிட முடியாது: வியப்பு, அறியாமை, அதைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு மூன்றாவது ஆள், மூன்றும் அதில் இருக்கின்றன. அந்தப் பழமொழியைப் பட்டிக்காட்டான் உருவாக்கவில்லை. மிட்டாய்க் கடைத் தெருவில் குடியிருந்தவர் யாரோ உருவாக்கியிருக்கிறார்.

ஆகவே மொழிபெயர்க்கும்போது முதலில் அடை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வினையைத் தழுவி நின்றால் 'விழிகள் விரிய' என்பது போதும். பெயருக்கு முன்னால் நின்றால் கண்ணை விட்டுவிடுங்கள்; 'விவரமறியாத', 'உலகம் தெரியாத' என்று நேராகச் சொல்லுங்கள். நம்பிக்கைக்கும் இலட்சியத்துக்கும் முன்னால் நின்றால் 'நடைமுறை அறியாத' என்பது தலையங்கத்தின் குரலுக்குப் பொருந்தும்.

சிக்கல் வருவது பிப்பைப் போன்றவர்களிடம். 'விழிகள் விரியப் பார்க்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத் தன்மையிலேயே இயல்பாகச் சொல்லலாம். ஆங்கிலப் பெயரடை தயங்குகிற இடத்தில் நம் வினையெச்சம் தயங்குவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னவுடன் வளர்ந்த பிப்பின் சிரிப்பு காணாமல் போகிறது. தூரம் இல்லாத வாக்கியத்தில் சிரிப்புக்கு இடம் இல்லை. அதை வேறு எங்காவது வைக்க வேண்டும். கண் விரிந்து நின்ற சிறுவனைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தை 'எனக்கு அப்போது என்ன தெரியும்' என்று தொடங்கினால், ஆங்கிலத்தில் அந்த ஒற்றை அடை செய்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.